கட்டத்தாளில் ஒரு வேலி

மாணவர்களே! ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் ஏதாவது ஓரிடத்தில் பென்சிலை வைத்து, கையை எடுக்காமல், போட்ட கோட்டை மறுபடி வெட்டாமல், விருப்பம்போல் வளைத்து நெளித்துச் சென்று, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடியுங்கள். வட்டமாக இருந்தாலும் சரி, வாழைப்பழம் போல் இருந்தாலும் சரி, இதற்கு 'எளிய மூடிய வளைகோடு' என்று பெயர்.

இந்தக் கோடு தாளை எத்தனை பகுதிகளாகப் பிரிக்கிறது?

"இது ஒரு கேள்வியா? உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஆக இரண்டு" என்று சொல்வீர்கள். விடை சரிதான். ஆனால் எப்போதும் இரண்டுதானா? எவ்வளவு கோணல்மாணலாக வரைந்தாலும் இரண்டுதானா? இதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, நிரூபிக்க வேண்டிய ஒரு தேற்றமாக 1887-ல் எழுதி வைத்தவர் காமில் ஜோர்டான் என்ற பிரெஞ்சுக் கணித மேதை. அவர் தந்த நிரூபணம் போதாது என்று பலர் கருதினார்கள். 1905-ல் அமெரிக்கரான ஆஸ்வால்டு வெப்லன் வேறொரு நிரூபணம் தந்தார். பார்த்தவுடன் தெரிகிற ஓர் உண்மைக்கு இவ்வளவு பாடு!

ஒரு புள்ளி கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அந்தப் புள்ளியிலிருந்து தாளின் விளிம்புவரை ஒரு நேர்கோடு இழுங்கள். அது வளைகோட்டை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுங்கள். (தொட்டுவிட்டு அதே பக்கம் திரும்பினால் கணக்கில்லை.) ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே இருக்கிறது. இரட்டைப்படை என்றால் வெளியே இருக்கிறது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் உள், வெளி என்று மாறி மாறி வருவதால் இப்படி அமைகிறது.

கணிப்பொறியின் கண்

இதுவரை பென்சில் கோட்டைப் பற்றிப் பேசினோம். கணிப்பொறிக்குப் பென்சில் கோடு தெரியாது. கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்னச் சதுரங்கள்தாம் தெரியும். கணிப்பொறி பார்க்கும் உலகம் முழுவதும் நம் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போட்ட உலகம்தான். ஒரு கட்டம் கறுப்பாக இருக்கலாம், வெள்ளையாக இருக்கலாம். கட்டத்துக்குள் பாதி என்று எதுவும் கிடையாது.

அப்படியானால் ஜோர்டானின் தேற்றம் இங்கே செல்லுமா? கட்டங்களால் ஒரு வேலி போட்டால் அதற்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டே பகுதிகள் இருக்குமா? கட்டத்தாளை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். வெள்ளைக் கட்டங்கள் மேய்ச்சல் நிலம். கறுப்புக் கட்டங்கள் வேலி. நடுவில் ஓர் ஆட்டை விடுவோம்.

□ □ □ □ □
□ □ ■ □ □
□ ■ □ ■ □
□ □ ■ □ □
□ □ □ □ □

நான்கு கறுப்புக் கட்டங்கள். நடுவிலுள்ள வெள்ளைக் கட்டத்தில் ஆடு நிற்கிறது. ஆடு வெளியே போகுமா, போகாதா?

பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். எந்தக் கட்டமும் எந்தக் கட்டமும் 'அண்டை வீடு'? பக்கம் ஒட்டியிருந்தால் மட்டும் அண்டை என்றால், ஒரு கட்டத்துக்கு 4 அண்டைகள். மூலை தொட்டாலும் அண்டை என்றால், சதுரங்க ராஜாவைப்போல 8 திசையிலும் நகரலாம். அப்போது 8 அண்டைகள்.

முதலில் எல்லோருக்கும் 8 அண்டை என்று வைத்துக்கொள்வோம். கறுப்புக் கட்டங்கள் நான்கும் மூலைக்கு மூலை தொட்டு நிற்கின்றன. எனவே வேலி முழுதாக மூடியிருக்கிறது. ஆனால் ஆடும் ராஜாவைப்போல் குறுக்கே நகரலாம் அல்லவா? இரண்டு கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே மூலை வழியாக அது வெளியே போய்விடும். வேலி மூடியிருக்கிறது, ஆனால் ஆடு தப்பிவிட்டது!

சரி, எல்லோருக்கும் 4 அண்டை என்று மாற்றுவோம். இப்போது ஆடு குறுக்கே போக முடியாது. நான்கு பக்கமும் கறுப்பு. ஆனால் வேலியைப் பாருங்கள். எந்தக் கறுப்புக் கட்டமும் இன்னொன்றைப் பக்கத்தால் ஒட்டவில்லை. அவை தனித்தனியாக நிற்கும் நான்கு கற்கள். அங்கே வேலியே இல்லை. ஆனால் ஆடு சிறைப்பட்டுவிட்டது!

இரண்டு விதமாகப் பார்த்தாலும் ஜோர்டானின் தேற்றம் உடைந்துபோகிறது. படங்களைக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கிய காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சிக்கலில்தான் வந்து முட்டினார்கள்.

சிக்கல் தீர்ந்தது எப்படி?

தீர்வு மிக எளிது. வேலிக்கு ஒரு சட்டம், ஆட்டுக்கு வேறொரு சட்டம்! கறுப்புக்கு 8 அண்டை என்றால் வெள்ளைக்கு 4 அண்டை. கறுப்புக்கு 4 அண்டை என்றால் வெள்ளைக்கு 8 அண்டை. மேலே உள்ள படத்தில் முதல் சட்டத்தைப் போட்டுப் பாருங்கள். வேலி மூடியிருக்கிறது, ஆடும் உள்ளே இருக்கிறது. இரண்டாவது சட்டத்தைப் போடுங்கள். வேலி இல்லை, ஆடும் தப்பிவிடுகிறது. இரண்டிலும் முரண்பாடு இல்லை.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அஸ்ரியல் ரோசன்ஃபெல்டு (1931–2004) 1970-களில் வெளியிட்ட கட்டுரைகளில் இந்த விஷயத்தை ஒழுங்காக வகுத்து, கட்டத்தாளுக்கான ஜோர்டான் தேற்றத்தையும் நிரூபித்தார். இந்தத் துறைக்கு 'டிஜிட்டல் இடத்தியல்' என்று பெயர். உருவத்தின் நீள அகலத்தைப் பற்றிக் கவலைப்படாமல், எது எதோடு சேர்ந்திருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது இடத்தியல். அதைக் கட்டங்களில் செய்வது டிஜிட்டல் இடத்தியல்.

புள்ளியும் இணைப்பும்

கட்டங்களில் வரைந்த வேலி மூடியதா, திறந்ததா என்று கணிப்பொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கு நம்மைப்போல 'பார்த்தவுடன்' தெரியாதே! இங்கேதான் கோட்டுருவியல் கைகொடுக்கிறது.

கோட்டுரு என்றதும் பள்ளியில் கிராஃப் தாளில் போடும் வரைபடத்தை நினைக்க வேண்டாம். சில புள்ளிகள், அவற்றுள் சிலவற்றைச் சேர்க்கும் இணைப்புக் கோடுகள். இவ்வளவுதான் கோட்டுரு. 1736-ல் கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒரே நடையில், ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் கடந்து வர முடியுமா என்ற புதிரை லியோனார்டு ஆய்லர் எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை மட்டும் எண்ணித்தான் தீர்த்தார். முடியாது என்பது அவர் கண்ட விடை.

நம் வேலியையும் அப்படி மாற்றுவோம். ஒவ்வொரு கறுப்புக் கட்டத்துக்கும் ஒரு புள்ளி. இரண்டு கட்டங்கள் அண்டை என்றால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் இணைப்பு. ஒரு புள்ளியில் வந்து சேரும் இணைப்புகளின் எண்ணிக்கையை அதன் 'படி' என்போம். இப்போது மூடிய வளைகோட்டுக்கு இலக்கணம் சொல்லிவிடலாம்:

எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஒவ்வொரு புள்ளியின் படியும் சரியாக 2.

இது போதுமா? யோசியுங்கள். ஒரு புள்ளியிலிருந்து நடக்கத் தொடங்குகிறீர்கள். அடுத்த புள்ளிக்குள் ஓர் இணைப்பு வழியாக நுழைந்தால், வெளியேற இன்னும் ஒரே ஓர் இணைப்பு மிச்சம் இருக்கும். எனவே எங்கும் முட்டி நிற்க மாட்டீர்கள். எங்கும் பாதை கிளை பிரியாது. புள்ளிகளோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகவே எப்போதாவது ஏற்கெனவே மிதித்த புள்ளிக்குத் திரும்பியே தீர வேண்டும். வழியிலுள்ள ஒரு புள்ளிக்குத் திரும்பினால் அங்கே மூன்றாவது இணைப்பு இருந்ததாக ஆகிவிடும், அது கூடாது. எனவே தொடங்கிய புள்ளிக்குத்தான் திரும்புவீர்கள். வளையம் மூடிக்கொண்டது!

ஒவ்வொரு கட்டத்திலும் நின்று "உனக்கு எத்தனை அண்டை?" என்று கேட்பது கணிப்பொறிக்குச் சுலபமான வேலை. படி 1 என்று ஒரு கட்டம் பதில் சொன்னால் அங்கே வேலி அறுந்திருக்கிறது. படி 3 என்றால் அங்கே ஒரு கிளை பிரிகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 4 அண்டைச் சட்டத்தில், இரண்டுக்கு இரண்டாக ஒட்டிய நான்கு கறுப்புக் கட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் படியும் 2. ஆனால் உள்ளே இடமே இல்லை! இந்த ஒரு விதிவிலக்கைத் தள்ளிவிட வேண்டும். 4 அண்டைச் சட்டத்தில் உண்மையான வேலிக்குக் குறைந்தது 8 கட்டங்கள் வேண்டும்.

ஓட்டைகளை எண்ணுவோம்

அடுத்து ஒரு வேடிக்கையான சூத்திரம். கறுப்புக்கு 4 அண்டை, வெள்ளைக்கு 8 அண்டை என்ற சட்டத்தில் நிற்போம். ஏதாவது ஓர் உருவத்தைக் கட்டங்களில் போட்டு மூன்று எண்ணிக்கை எடுங்கள்.

முதலாவது, கறுப்புக் கட்டங்கள். இரண்டாவது, பக்கம் ஒட்டிய கறுப்பு இரட்டைகள். இவற்றை 'ஒட்டு' என்போம். மூன்றாவது, இரண்டுக்கு இரண்டாகச் சேர்ந்த கறுப்புச் சதுரங்கள். இவற்றை 'நால்வர்' என்போம். அப்போது,

கட்டங்கள் − ஒட்டுகள் + நால்வர் = துண்டுகள் − ஓட்டைகள்

நம் 'ப' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

■ □ ■
■ □ ■
■ ■ ■

கட்டங்கள் 7, ஒட்டுகள் 6, நால்வர் இல்லை. 7 − 6 = 1. ஒரே துண்டு, ஓட்டை இல்லை. சரிதானே? இப்போது மேலே நடுக்கட்டத்தையும் கறுப்பாக்கி வாயை மூடுங்கள். கட்டங்கள் 8, ஒட்டுகள் 8. 8 − 8 = 0. ஒரு துண்டு, ஓர் ஓட்டை. அச்சிட்ட எழுத்தைக் கணிப்பொறி அடையாளம் கண்டுகொள்ள இதுவும் ஓர் உதவி. 'ப'வில் ஓட்டை கிடையாது. 'ம'வில் ஒன்று உண்டு. 0-வில் ஒன்று, 8-ல் இரண்டு.

சூத்திரம் ஏன் சரியாக வருகிறது? முதலில் ஒட்டு எதுவும் போடாமல் புள்ளிகளை மட்டும் வையுங்கள். எத்தனை புள்ளிகளோ அத்தனை துண்டுகள். பிறகு ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஓர் ஒட்டு இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் துண்டு ஒன்று குறைகிறது. ஏற்கெனவே ஒரே துண்டாயிருக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் புதிதாக ஓர் அறை அடைபடுகிறது. (இங்கே ஜோர்டானின் தேற்றம் மறைவாக நின்று வேலை செய்வதைக் கவனியுங்கள்!) ஆக, துண்டுகள் − அறைகள் = கட்டங்கள் − ஒட்டுகள். அறைகளில் இரண்டு வகை உண்டு: நால்வருக்கு நடுவே அடைபட்ட வெற்று அறை ஒன்று, வெள்ளைக் கட்டம் அடைபட்ட உண்மையான ஓட்டை மற்றொன்று. வெற்று அறைகளைக் கழித்துவிட்டால் மேலே கண்ட சூத்திரம் கிடைக்கிறது.

இனி நம் வேலிக்கு வருவோம். 8 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டங்களைக் கொண்ட மூடிய வேலி. ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 அண்டைகள். ஓர் ஒட்டில் இரு கட்டங்கள். எனவே கட்டங்கள் எத்தனையோ ஒட்டுகளும் அத்தனையே. நால்வர் கிடையாது. ஆகவே துண்டுகள் − ஓட்டைகள் = 0. துண்டு ஒன்று, எனவே ஓட்டையும் ஒன்றே ஒன்று! கட்டத்தாளில் போட்ட மூடிய வேலிக்கு உள்ளே ஒரு பகுதி, வெளியே ஒரு பகுதி. ஜோர்டானின் தேற்றம் கட்டத்தாளிலும் பிழைத்துக்கொண்டது. கூட்டல் கழித்தலைத் தவிர வேறு எதையும் நாம் பயன்படுத்தவில்லை என்பதைப் பாருங்கள்.

கண்மாயும் செயற்கைக்கோளும்

"ஆட்டையும் வேலியையும் வைத்து விளையாடுவதால் என்ன பயன்?" என்று கேட்கலாம். ஆட்டுக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்துப் பாருங்கள்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வன்னியம்பட்டி வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கண்மாயின் அருமை தெரியும். மேற்கு மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது. ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. எந்தக் கண்மாயில் எவ்வளவு நீர்ப்பரப்பு என்பது நடவு செய்பவருக்கு உயிர்நாடியான செய்தி.

1988 மார்ச் 17 அன்று இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் கூர்மையான காமிராவில் ஒரு கட்டம் என்பது தரையில் 36.25 மீட்டர் பக்கமுள்ள சதுரம். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 1,314 சதுர மீட்டர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். 2015 முதல் படம் அனுப்பிவரும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களில் ஒரு கட்டம் 10 மீட்டர். அப்போதும் ஏக்கருக்குச் சுமார் 40 கட்டங்கள்தாம்.

ஒரு நீர்ப்பரப்பைக் கணிப்பொறி இப்படி அளக்கிறது: தண்ணீர்க் கட்டம் ஒன்றில் தொடங்கி, அதன் அண்டையிலுள்ள தண்ணீர்க் கட்டங்களையும், அவற்றின் அண்டைகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகிறது. இனிக் குறிக்க எதுவும் இல்லை என்னும்போது ஒரு கண்மாய் முடிந்தது. கட்டங்களின் எண்ணிக்கையை ஒரு கட்டத்தின் பரப்பால் பெருக்கினால் நீர்ப்பரப்பு.

இரண்டு கண்மாய்களுக்கு நடுவே ஒரு கரை. அது படத்தில் குறுக்காக ஓடுகிறது. அகலம் ஒரே ஒரு கட்டம். கரைக் கட்டங்கள் படிக்கட்டைப்போல மூலைக்கு மூலை தொட்டு நிற்கின்றன. தண்ணீருக்கு 8 அண்டை என்று சட்டம் போட்டுவிட்டால் என்ன ஆகும்? கணக்கில் தண்ணீர் மூலை வழியாகக் கசிந்து, இரண்டு கண்மாய்களும் ஒன்றாகிவிடும்! தரையில் கரை உடையவில்லை; தாளில் உடைந்துவிட்டது. இரண்டு ஊர்களின் நீர்ப்பரப்பு ஒரே எண்ணாக வந்து நிற்கும். தண்ணீருக்கு 4 அண்டை, நிலத்துக்கு 8 அண்டை என்று வைத்தால் கரை கரையாகவே நிற்கும். மாறாக, இரண்டு குட்டைகளை இணைக்கும் ஒடுக்கமான வாய்க்காலைத் தேடுபவருக்கு எதிர்ச்சட்டம்தான் பொருந்தும். எந்தச் சட்டம் என்பதை வேலையைப் பார்த்து நாம் தீர்மானிக்க வேண்டும். கணிப்பொறி தானாகத் தீர்மானிக்காது.

இரத்தத் துளியின் படத்தில் அணுக்களை எண்ணும்போதும் இதே கேள்விதான் வருகிறது. மூலையில் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு அணுக்கள் ஒன்றா, இரண்டா?

வாசலில் ஒரு கோட்டுரு

மூடிய வளைகோட்டைத் தேடி வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மார்கழியில் விடிகாலை எழுந்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி இழை நெளிந்து செல்லும் சிக்குக் கோலம் ஒரு மூடிய வளைகோடுதான். தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது என்பது மட்டும் வேறுபாடு.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932–1988), ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் 1974-ல், படங்களைக் கணிப்பொறியால் ஆராய்வதற்கென வந்த ஆய்விதழ் ஒன்றில் கோலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அதை எவ்வளவு பெரிதாகவும் வளர்க்கலாம் என்று காட்டினார்கள். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் போட்ட கோலம் கணிப்பொறி இயலில் ஓர் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

கோலத்தில் நீங்களே கண்டுபிடிக்கக்கூடிய ஓர் அழகான கணக்கு உண்டு. செவ்வகமாகப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சாய்ந்த சிறு சதுரம் ஒன்று போடுங்கள்; அடுத்தடுத்த சதுரங்களின் முனைகள் தொட்டுக்கொள்ள வேண்டும். இழை ஒரு முனையில் மற்றொன்றைச் சந்தித்தால் நேரே தாண்டிப் போகும். ஓரத்துக்கு வந்தால் கேரம் பலகையில் காய் மோதித் திரும்புவதுபோல் திரும்பும். இப்படி எத்தனை தனித்தனி இழைகள் கிடைக்கும்?

3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று எடுத்துக்கொள்வோம். புள்ளிக்கு 4 துணுக்குகள் வீதம் மொத்தம் 48 துணுக்குகள். ஒரு துணுக்கு குறுக்கே அரைப் புள்ளி தூரம், மேலே அல்லது கீழே அரைப் புள்ளி தூரம் போகிறது. எனவே 4 புள்ளி அகலத்துக்குப் போய்த் திரும்ப 16 துணுக்குகள். 3 புள்ளி உயரத்துக்குப் போய்த் திரும்ப 12 துணுக்குகள். இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கிய நிலைக்கு வர 16, 12 ஆகியவற்றின் மீச்சிறு பொதுமடங்கான 48 துணுக்குகள் ஆகும். மொத்தமே 48 தானே! ஆக, ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும்.

2 வரிசை, 4 புள்ளி என்றால் மொத்தம் 32 துணுக்குகள். ஓர் இழைக்கு 16. எனவே 2 இழைகள். பொதுவாக, இழைகளின் எண்ணிக்கை என்பது வரிசை, புள்ளி ஆகிய இரண்டு எண்களின் மீப்பெரு பொதுவகுத்தி! ஆறாம் வகுப்புக் கணக்கு கோலமாவில் எழுதியிருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. 6 வரிசை, 9 புள்ளிக் கோலத்தில் எத்தனை இழைகள் வரும்? முதலில் கணக்குப் போடுங்கள். பிறகு ஒவ்வோர் இழைக்கும் ஒரு வண்ணம் கொடுத்து வரைந்து சரிபாருங்கள்.

2. கட்டத்தாளில் உங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கறுப்புக் கட்டங்களால் எழுதி, கட்டம், ஒட்டு, நால்வர் எண்ணி, ஓட்டை எத்தனை என்று சூத்திரத்தால் காணுங்கள்.

3. கறுப்புக்கு 8 அண்டை என்ற சட்டத்தில், படி எல்லாம் 2 ஆக இருந்தும் உள்ளே இடமில்லாத உருவம் ஒன்று உண்டு. மூன்றே கட்டங்கள்தாம். அது எது?

கணிப்பொறிக்கு வேகம் உண்டு. பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் கண் கிடையாது. எது உள்ளே, எது வெளியே என்பதைக்கூட நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க முற்படும்போதுதான், நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த ஒன்று உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது விளங்குகிறது. கட்டம் போட்ட நோட்டும் ஒரு பென்சிலும் உங்களிடம் இருக்கின்றன. தொடங்குங்கள்!